நான்கு ரோல் நாடா

என் மகள் ஓடிப் பழகின பாதையை அளந்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வேறு ஆளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

திருப்பூரில் பல்லடம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எனக்கு ஒரு நாடாப் பட்டறை இருக்கிறது. டிராக் பேண்ட் இடுப்பில் கோர்க்கிற நாடா, பனியன் கழுத்துக்குள் வைத்துத் தைக்கிற டேப், பை வாய் கட்டுகிற கயிறு, இதெல்லாம் எங்கள் சரக்கு. அப்பா சேலை நெய்தார், நான் நாடா நெய்கிறேன், அகலம்தான் குறைந்துபோச்சு என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கவைப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேல்குமார் இருக்கிற இடத்தில் மற்றவர்களுக்குப் பேச இடம் கிடைக்காது என்பார்கள். அந்த வாய் ஒரே ஒரு விஷயத்தில் திறக்கவில்லை.

எங்களுக்கு ஒரே பெண், சண்முகப்பிரியா. காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்த நாளிலிருந்து ராணுவத்தில் ஆபீசர் ஆக வேண்டும் என்பதுதான் பேச்சு. ஆபீசராகி என்ன செய்வாய் என்று கேட்டால், "மொதல்ல நம்மூட்ல எனக்கு எல்லாரும் எந்திரிச்சு நிக்கணுமுங்கப்பா" என்பாள். படிப்பு முடித்து ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதினாள். பெங்களூரில் ஐந்து நாள் நேர்காணல். மூன்று தடவை பெட்டியோடு திரும்பி வந்தாள். நான்காவது தடவை தேறினாள், மெடிக்கலிலும் தேறினாள். வயது இருபத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதை விட்டால் இன்னொரு முறை எழுத முடியாது.

சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. சென்னையில் பயிற்சி, நான்கு மாதம் கழித்து. கூடவே ஒரு தாள். வரும்போது உடம்பு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டரைப் பதிமூன்று நிமிஷத்துக்குள் ஓட வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும், கம்பியில் தொங்கி ஏற வேண்டும், கயிறு ஏற வேண்டும். அவளுக்கு முன்னால் அங்கே போன ஒரு சீனியர் பெண் போனில் சொன்னாளாம்: முதல் வாரமே ஓடவிட்டுப் பார்ப்பார்கள், அதில் பின்னால் நின்றுவிட்டால் அப்புறம் மேலே வருவது ரொம்பக் கஷ்டம், மற்றதெல்லாம் அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம், ஓட்டத்தை மட்டும் ஊரிலேயே முடித்துக்கொண்டு வா என்று.

ஆனால் என் மகளின் உடம்பு இரண்டு வருஷமாக நாற்காலியில் இருந்த உடம்பு. முதல் நாள் நானூறு மீட்டர் தாண்டுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். என் மனைவி ஜெயசுதா, "இதுக்குப் பேசாம மாப்பிள்ளை பாத்திருக்கலாமுங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம். நாளையிலிருந்து என் பொறுப்பு என்றேன்.

பட்டறைக்குப் பின்னால் சைட் போட்டு விற்காமல் கிடக்கிற பூமி ஒன்று இருக்கிறது. கல் நட்டுச் செம்மண் ரோடு மட்டும் போட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். சுற்றி வர ஓடத் தோதான இடம். ஒரு சுற்று நானூறு மீட்டர் என்று அளந்து குறித்துவிட்டால் ஆறு சுற்றில் கணக்கு முடிந்துவிடும். அளப்பதற்கு டேப் வாங்கப் போகவா முடியும், நான் நாடாக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ரேக்கிலிருந்து நூறு மீட்டர் ரோல் நான்கை எடுத்துக்கொண்டு போனேன். எலாஸ்டிக் எடுத்தால் இழுபட்டுக் கணக்குத் தப்பிவிடும் என்று யோசித்துக் காட்டன் நாடாவாகவே எடுத்தேன். அவ்வளவு ஜாக்கிரதை.

நானும் அவளும் முட்டி போட்டு விரித்துக்கொண்டே போனோம். ஒரு ரோல் முடிகிற இடத்தில் அடுத்த ரோலை ஊசி போட்டுச் சேர்த்தாள். வளைவில் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொண்டாள். நான்காவது ரோல் முடிந்த இடத்தில் முதல் ரோலின் நுனி வந்து சேருகிற மாதிரி பாதையை உள்ளே தள்ளி, வழியில் இருந்த கற்களில் சுண்ணாம்பு அடித்தோம்.

"சரியா நானூறுங்களாப்பா?" என்று கேட்டாள்.

ரோலின் உள் அட்டையில் ஒட்டியிருந்த லேபிளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "படிச்சுப் பாரு. நூறு மீட்டர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குதல்ல" என்றேன். அந்த லேபிளை அச்சடிக்கக் கொடுத்தது நான்தான்.

ஒரு வாரம் கழித்து அவள் போனில் ஏதோ ஓட்டக் கணக்குப் பார்க்கிற ஆப்பை ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆறு சுற்று ஓடிவிட்டுக் காட்டினாள். இரண்டு கிலோமீட்டர் நூறு சொச்சம் என்று காட்டியது. மறுநாள் இரண்டு இருநூறு என்றது. "கொறையாக் காட்டுதுங்கப்பா" என்றாள்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்றவன் பேச்ச நம்புவியா, தரையில முட்டி தேய அளந்த அப்பன நம்புவியா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அன்றைக்கே அந்த ஆப்பை எடுத்துவிட்டாள். அப்பனை நம்பினாள்.

அதற்கப்புறம் நான்கு மாதம் எங்கள் வீட்டில் விடிந்ததே ஐந்து மணிக்குத்தான். அவள் ஓடுவாள், நான் கல்லின் மேல் உட்கார்ந்து போனில் நேரம் பார்ப்பேன். கம்பெனி வேன்கள் ஆள் ஏற்ற வருகிற நேரம் அது. வேனுக்குக் காத்து நிற்கிற பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருத்தி, "எந்தக் கம்பெனிக்கு அக்கா இத்தன வேகமாப் போறீங்க" என்று கேலி செய்தாள். ஜெயசுதா மாப்பிள்ளைப் பேச்சை விட்டுவிட்டுக் கொள்ளும் ராகியும் முட்டையுமாகச் சமைத்துத் தள்ளினாள். கயிறு ஏறவும் ஏற்பாடு செய்தேன். பன்னிரண்டு நாடாவைச் சேர்த்துக் கை கனத்துக்கு முறுக்கி, பட்டறை இரும்பு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அதில் ஏறி உத்தரத்தைத் தொட்டுவிட்டு இறங்குவாள். ஆட்கள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

முதல் வாரம் பதினேழு நிமிஷம். இரண்டாவது மாதம் பதினைந்து. மூன்றாவது மாதம் பதினாலைத் தாண்டி உள்ளே வருவேனா என்று அடம் பிடித்தது. ஒரு நாள் சண்டை, ஒரு நாள் அழுகை, ஒரு நாள் நான் கல்லை விட்டு எழுந்து கூடவே ஓடி, பாதியில் மூச்சு வாங்கிச் செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி இரண்டு சுற்றுக்கு எவ்வளவு மூச்சு வைத்திருக்க வேண்டும், எந்தக் கல்லில் வேகம் எடுக்க வேண்டும், எந்தக் கல்லில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். சேருவதற்குப் பதினைந்து நாள் இருக்கையில் பன்னிரண்டு நிமிஷம் நாற்பது விநாடியில் வந்து நின்றாள். சுண்ணாம்புக் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். உடம்பில் அடுத்த அடி எடுக்கிற தெம்புகூட மிச்சமில்லை. நான் அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஒரு ஆர்டர். என்னிடம் ரோல் சுற்றுகிற வேலை ஜெயபாண்டியுடையது. மானாமதுரைப் பக்கத்துக்காரன், எட்டு வருஷமாக இருக்கிறான். "நூறு மீட்டர் ரோல் முப்பது சுத்து ஜெயபாண்டி" என்றேன். அவன் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"நீலமா, வெள்ளையாண்ணே?"

இங்கே எங்கள் பட்டறை வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெள்ளை லேபிள் ஒட்டின ரோல் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு. அதில் நூறு மீட்டர் இருக்கும், ஏனென்றால் அவர்கள் அளந்து பார்ப்பார்கள். நீல லேபிள் லோக்கல் வியாபாரத்துக்கு. அதில் தொண்ணூறுதான் இருக்கும். சுற்றுகிற மிஷினில் ஒரு கவுண்டர் உண்டு, தொண்ணூறு என்று வைத்தால் தொண்ணூறில் நின்றுவிடும். லேபிளில் மட்டும் இரண்டிலும் நூறு மீட்டர் என்றே அச்சடித்திருக்கும். என்னிடம் வாங்குகிறவருக்கும் இது தெரியும், அதற்குத் தகுந்த மாதிரிதான் அவரும் விலை பேசுவார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு அல்ல, யாரும் கேட்டதே இல்லை.

வெள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். அவனுக்குப் பின்னால் ரேக்கின் மேல் தட்டில் அந்த நான்கு ரோலும் இருந்தன. நாங்கள் அளந்து முடித்துக் கையால் சுற்றி வைத்தவை. அதில் செம்மண் ஏறிக் காய்ந்திருந்தது. மண்ணுக்கு நடுவே லேபிள் தெரிந்தது. நீலம்.

எழுந்துபோய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நான்கும் நீலம். ஆர்டர் வெள்ளை என்று சொன்னேனா நீலம் என்று சொன்னேனா என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போனேன். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துச் சுண்ணாம்புக் கல் ஓரமாகவே ஆறு சுற்று ஓட்டினேன். முடிகிற இடத்தில் இரண்டு புள்ளி ஒன்றைத் தாண்டியிருந்தது, இரண்டு புள்ளி இரண்டைத் தொடவில்லை. ரோலுக்குப் பத்து, சுற்றுக்கு நாற்பது, ஆறு சுற்றுக்கு இருநூற்று நாற்பது மீட்டர் குறைகிறது. அவள் வேகத்துக்கு அது ஒன்றரை நிமிஷம். பன்னிரண்டு நாற்பது இல்லை, பதினாலுக்கு மேல். அந்த வெயிலில் வண்டியின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே, அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போனேன். அவள் கறுப்புத் தகரப் பெட்டியில் தன் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதிக்கொண்டிருந்தாள். "அப்பா, எழுத்து நேரா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். நேராக இருந்தது. நான் அதை மட்டும் சொன்னேன். பதினாலு நாளில் ஒன்றரை நிமிஷத்தைக் குறைக்க முடியாது, சொன்னால் இருக்கிற தைரியமும் போய்விடும், நம்பிக்கையிலேயே ஓடிவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். வெட்கம்தான் காரணம். மகள் முகத்துக்கு நேரே நீட்டின லேபிள் அது.

மறுநாள் ஒரு காரணமும் சொல்லாமல், "இன்னொரு சுத்து சேத்து ஓடு" என்றேன்.

"எதுக்குங்கப்பா? கடைசி ரெண்டு வாரம் கம்மி பண்ணணும்னு அந்த சீனியர் அக்கா சொல்லியிருக்காங்க."

"சொன்னதச் செய்யி. இப்பவே சோம்பேறித்தனம் வந்துருச்சு உனக்கு."

நான்கு மாதம் ஒரு நாள்கூட விடாமல் ஓடினவளைச் சோம்பேறி என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. "உங்குளுக்கு எத்தன பண்ணாலும் பத்தாதுங்கப்பா. ஆபீசர் நானுங்களா, நீங்களா?" என்று கத்திவிட்டு ஏழாவது சுற்று ஓடினாள். பாதியில் கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்தாள். ஜெயசுதா எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே என்னைத் திட்டினாள், போகிற நேரத்தில் பிள்ளையின் காலை உடைக்கவா பார்க்கிறீர்கள் என்று. அதற்கப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சிவன்மலைக் கோயிலுக்குப் போய் முருகனிடம் இருநூற்று நாற்பது மீட்டர் கேட்டேன். நான் குறைத்ததை அவன் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பான்.

ரயிலடியில் என் தங்கை, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். மாலைகூட யாரோ வாங்கி வந்திருந்தார்கள். ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "பன்னண்டு நாப்பதுங்கப்பா. இருவது செகண்டு கையில இருக்குது. பயப்படாதீங்க" என்றாள். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். வண்டி கிளம்ப நான்கு நிமிஷம் இருந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. குரலே வேறாக இருந்தது. "பதினாலு ஆறுங்கப்பா" என்றாள். "என்னாச்சுன்னே தெரியலீங்க. நல்லாத்தான் ஓடினேன். கடைசில நின்னுட்டேன்." ஜெயசுதா போனைப் பிடுங்கிக்கொண்டு, தண்ணி மாறினது கண்ணு, ஊர் மாறினது, எல்லாம் சரியாகப் போய்விடும் என்றாள். நான் பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு.

அங்கே யாரும் அவளைத் தள்ளிவிடவில்லை. பின்தங்கினவர்களைத் தனியாக எடுத்துக் கூடுதலாகப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் படிக்கிற நேரத்திலும் தூங்குகிற நேரத்திலும் இவள் ஓடினாள். பதிமூன்று ஐம்பது, பதிமூன்று முப்பத்தைந்து என்று வாராவாரம் சொன்னாள். பிறகு ஒரு வாரம் நேரம் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. கால் வலியை மறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரளவு விரிசல். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஓய்வெடுத்துக் குணமானதும் மறுபடி பரிசோதனைக்கு வர வேண்டும், தேறினால் அடுத்த பேட்சோடு சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். குறை எல்லாம் இங்கேதான் இருந்தது.

அதே ரயிலடியில் நானும் ஜெயசுதாவும் மட்டும் போய்க் கூட்டிவந்தோம். மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். எலும்பு கூடிவிட்டது, ஓடலாம் என்று இங்கே டாக்டர் சொன்னார். சென்னையிலிருந்து தேதியும் வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு டிவி மேல் வைத்தாள். ஒரு வாரம் அங்கேயே கிடந்தது.

ஒருநாள் காலை சமையலறையில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"கால் இல்லீங்கம்மா காரணம். கால் சரியாப் போச்சு. நான் பயந்தாங்கொள்ளிங்கம்மா. இங்க யாரும் பாக்காதப்ப பன்னண்டு நாப்பதுல ஓடினேன். அங்க நாலு பேரு பாத்தா எனக்கு முடியல. ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல நிக்குதுங்கம்மா. ஆறாவது ரவுண்டு, மொத வளைவு தாண்டி நேர் ரோட்டுக்கு வந்ததீம் உடம்பு முடிஞ்சு போச்சுங்குது. எல்லாம் கொட்டியாச்சு, இனி ஒண்ணுமில்லங்குது. இன்னும் அரை ரவுண்டுக்கு மேல கெடக்குது. அப்படிப்பட்டவ ஆபீசராகி, நாளைக்கு முப்பது பேரக் கூட்டிட்டுப் போயி, அங்கயும் இப்படி நின்னுட்டா?"

எந்த இடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ஐந்து சுற்றும் நூற்று அறுபது மீட்டரும். சைட்டில் ஆறு சுற்றும் முடிகிற சுண்ணாம்புக் கல்லின் தூரம் அது. அவள் உடம்பு பயப்படவில்லை. நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் ஒரு மீட்டர்கூடப் பிசகாமல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

உள்ளே போனேன். வாயைத் திறந்தேன். "காபி இருக்குதா?" என்று கேட்டேன். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். எப்படியும் போவாள், தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து சொல்லலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை, தன்னால் பயிற்சியைத் தொடர முடியாது, விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். அனுப்பிவிட்டு வந்து, "அம்மா, அந்தப் பொங்கலூர் மாப்பிள்ளையோ யாரோ சொன்னீங்களே, யாரு வேணாலும் பாருங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மதியம் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேல் தட்டிலிருந்து நான்கு ரோலையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். நாடாக்காரன் மகளுக்கு விளக்கம் தேவையில்லை. நீல லேபிளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. விரலால் மண்ணைச் சுரண்டினாள். உதடு மட்டும் அசைந்தது, கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"எரநூத்தி நாப்பது" என்றாள்.

"ஆமா கண்ணு."

"அப்ப நான் நிக்கலீங்களா?"

"நீ நிக்கல சாமி. ஒரு நாளும் நிக்கல."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரோலையே பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ வெளிச்சம் வருகிற மாதிரி இருந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உங்குளுக்கு எப்பத் தெரியுமுங்கப்பா?"

இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள், அப்பனை நம்புகிறவள்தான். ஆனால் அதற்கு மேல் குறைக்க என்னால் முடியவில்லை.

"நீ போறதுக்குப் பதினாலு நாள் முன்னாடி."

"ஏழாவது சுத்து ஓடச் சொன்னீங்களே, அன்னைக்கா?"

"அதுக்கு மொத நாள்."

தலையை ஆட்டினாள். "அன்னைக்கு உங்களப் பாத்துக் கத்திட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. பிறகு அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்க முடியுமா, போன் போட்டுப் பேசிப் பார்க்கிறாயா, நானே சென்னைக்குப் போய் யார் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்று நான் என்னென்னவோ உளறினேன். என் நீளமான வாய் அப்போதுதான் வேலை செய்தது.

"வேண்டாமுங்கப்பா" என்றாள். "என் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். முடியாதுன்னு நானே எழுதிட்டேன். முடியும்னு இப்ப எப்படிங்க போயிச் சொல்றது?"

"நாஞ்சொல்றன் கண்ணு. என் தப்புன்னு சொல்றன்."

"நாடா கொறஞ்சுபோச்சுன்னுங்களா?"

அவள் எழுந்து, "சரிங்கப்பா, சாப்பிட வாங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் ஜெயபாண்டி திருவிழாவுக்கு ஊருக்குப் போனான். ஆள் கிடைக்கவில்லை என்று ஜெயசுதாவிடம் புலம்பினேன். மறுநாள் காலை சண்முகப்பிரியா பட்டறைக்கு வந்து, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சுற்றுகிற மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் உத்தரத்திலிருந்து அந்தக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்துவிடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"எத்தனைங்கப்பா?" என்று கேட்டாள்.

"நூறு மீட்டர் ரோல் அம்பது" என்றேன்.

நாடாவின் நுனியை அட்டையில் மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீலமுங்களா, வெள்ளைங்களா?"

அது காதர்பேட்டை லோக்கல் வியாபாரி ஒருவரின் ஆர்டர். இருபத்திரண்டு வருஷமாக நீலம் வாங்குகிறவர், நீல விலைதான் கொடுப்பார். வெள்ளை என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லியிருந்தாலும் அதை யாருக்காகச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

"நீலம்" என்றேன்.

"சரிங்கப்பா" என்று கவுண்டரைத் தொண்ணூறில் வைத்தாள். மிஷின் ஓடியது. சரியாகத் தொண்ணூறில் நின்றது. அவள் நாடாவைக் கத்தரித்து, நூறு மீட்டர் என்ற லேபிளை ஒட்டி, அடுத்த அட்டையை எடுத்தாள்.